கோலாலம்பூருக்கு வில்லோடு வரும் தம்பிக்கு

கோயம்புத்தூரிலிருந்து எழுதிய தம்பிக்கு வணக்கம்.

ஒப்பந்த வேலையில் கோலாலம்பூர் வரப்போகிறீர்கள். கையில் 62 அங்குல ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில், ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டுவரலாமா, எங்கே பழகலாம், வேட்டைப் பருவத்துக்கு எப்படிச் சரிசெய்து வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை எவ்வளவு, குக்கர் கட்டிக்கொண்டு வரவேண்டுமா, மழைக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையை உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குக்கர் இங்கேயே கிடைக்கும். மழை பெரும்பாலும் சாயங்காலம் வரும், நனைந்து பழகிக்கொள்ளுங்கள். எனக்கு வில்லைப் பற்றித்தான் பேசவேண்டும்.

முதலில் அந்த வேட்டைப் பருவ நினைப்பை இறக்கி வையுங்கள். காணொளிகளில் அமெரிக்கர்கள் இலையுதிர் காலம் வந்ததும் மரத்தில் பரண் கட்டி மானுக்குக் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்கள் நாட்டுச் சங்கதி. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்கு வழியில்லாமல் செய்துவிட்டதால், வெளிநாடு என்றாலே வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நுழையலாம் என்று எண்ணி வருகிறவர்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெர்ஹிலித்தான் என்று இங்கே எல்லோரும் சொல்லும் வனவிலங்குத் துறையின் உரிமம் இல்லாமல் எதையும் தொடமுடியாது. காட்டுப்பன்றியும் அதில் அடக்கம். கடமான் வேட்டைக்கு 2009 இலேயே தடை வந்துவிட்டது. 2022 இல் சட்டத்தைத் திருத்தி, உச்ச அபராதத்தைப் பத்து லட்சம் வெள்ளி வரை உயர்த்தியிருக்கிறார்கள். இங்கே ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். காட்டில் மலாயாப் புலி 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அதைக் காப்பாற்ற ரோந்து சுற்றுகிறவர்கள் ஆயுதத்தோடு அலையும் அந்நியனைப் பார்த்தால் குடும்ப நலம் விசாரிக்கமாட்டார்கள். இங்கத்துப் பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாட அந்தச் சட்டமே இடம் தருகிறது. அவர்கள் ஊதுகுழலோடு போவதைப் பார்த்து நாமும் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாழையிலைச் சாப்பாட்டுக் கூட்டங்களில் ஓர் அண்ணன் கட்டாயம் இருப்பார். "எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பன்றி கூட்டம் கூட்டமாக வருகிறது தம்பி, வில்லை எடுத்துக்கொண்டு வா" என்பார். உரிமத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே கறிக்குழம்புக்குத் தாவிவிடும். அவர் குடியுரிமை பெற்றவர், வழக்கு வந்தால் வழக்கறிஞரைப் பிடித்துக்கொள்வார். வேலை அனுமதியில் வந்திருக்கும் உங்களுக்கு அந்த வசதி இல்லை. விடியற்காலை இருட்டில் தோட்டத்தில் குலை வெட்ட மனிதர்களும் வருகிறார்கள் என்பது அந்த அண்ணனுக்கு நினைவே வராது. அவர் வீட்டில் சாப்பிடுங்கள், அவர் வண்டியில் ஏறாதீர்கள்.

வில்லைக் கொண்டுவரலாம், ஆனால் அனுமதிக் காகிதத்தோடு வாருங்கள். விமானத்தில் கைப்பையில் ஏற்றமாட்டார்கள், சரக்கில்தான் போடவேண்டும். விமான நிறுவனம், மலேசியச் சுங்கத் துறை, காவல் துறை மூன்றுக்கும் புறப்படும் முன்பே எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கைப்பிடியுள்ள நடுக்கட்டையையும், அதன் மேலும் கீழும் வளையும் கைகளான இரண்டு லிம்புகளையும் கழற்றித் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். பிளேடு வைத்த வேட்டை முனைகளை ஊரிலேயே விட்டுவிடுங்கள். இங்கே வந்த பிறகும் வில்லை நாண் பூட்டித் தோளில் மாட்டிக்கொண்டு எல்ஆர்டி நகர ரயிலில் ஏறக்கூடாது. பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பையில் போட்டு மூடி, பயிற்சி மைதானத்தின் உறுப்பினர் அட்டையையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாலைத் தடுப்பில் நிறுத்தினால் மலாயில் நாலு வார்த்தை மரியாதையாகச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். நான் வந்த புதிதிலேயே மலாய் கற்றுக்கொண்டேன். பல வருடங்களாக இங்கே இருந்துகொண்டு, சாப்பாட்டுக் கடையில் விரல் நீட்டியே காலம் தள்ளும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் கடிதம் என்னை 1997க்கு இழுத்துப் போய்விட்டது. அப்போது சுபாங் விமான நிலையத்தில்தான் இறங்கவேண்டும், இப்போதைய கேஎல்ஐஏ விமான நிலையம் திறக்கவில்லை. ஏஜென்ட் சொன்னது மின்சாதனத் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. கொண்டுபோய் நிறுத்தியது ஒரு மரச்சாமான் பட்டறையில். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுத்தோம். வந்த கொஞ்ச நாளில் வெள்ளியின் மதிப்பு விழத் தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று அரசாங்கம் கட்டிவைக்கும் வரை, ஊருக்கு அனுப்பும் பணம் தேய்ந்துகொண்டே போனது.

பட்டறையில் எங்களுக்கு மேலாள் ஒரு பெரியவர். காஜாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர்கள். அந்தத் தோட்டத்துத் துரை ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன ஒற்றைத்துண்டு ரிகர்வ் வில் அவரிடம் இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை மாடியில் குப்புறப்படுத்துக் கிடக்காதே, வா" என்று அழைத்துப் போனார். தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு, அதில் வைக்கோல் கட்டு. நான் முதல் அம்பு விட்டது அங்கேதான். 1998 இல் காமன்வெல்த் போட்டிகள் இதே கோலாலம்பூரில் நடந்தபோது வில்வித்தையைச் சேர்க்கவில்லை என்று அவருக்குத் தீராத மனக்குறை. பிறகு தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. வந்து இறங்கிய வாரமே மலேசியத் தமிழரின் பேச்சைத் திருத்தக் கிளம்பும் சென்னைக் கூட்டம் ஒன்று உண்டு, அவர்களோடு எனக்கு ஒத்துவராததற்கு அந்தப் பெரியவரும் ஒரு காரணம்.

இனி வில். இந்த ஊர் வெயிலில் மதியம் 33 டிகிரி போகும். மூடிய காருக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். மரமும் கண்ணாடியிழையும் ஒட்டிச் செய்த லிம்பைக் கார் டிக்கியில் விட்டுப் போனால் பசை விடும், லிம்ப் முறுக்கிக்கொள்ளும். சூட்டுப்பசையால் ஒட்டிய அம்பு முனைகளும் கழன்றுவிடும். எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள், கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். நாண் பூட்டுவதற்கு அதற்கென்று இருக்கும் கயிற்றைப் பயன்படுத்துங்கள். வில்லைத் தொடைக்குள் மாட்டி வளைத்துப் பூட்டுவது பார்க்க வீரமாக இருக்கும், லிம்ப்தான் கோணும். பழைய வில் வாங்கினால், நுனி பலப்படுத்தப்படாதவற்றுக்குச் சற்று நீளக்கூடிய டாக்ரான் நாண் மட்டுமே. நீட்சி குறைந்த புதிய நாண்கள் அந்த நுனிகளைப் பிளந்துவிடும். பெரியவர் துரையின் வில்லுக்கு வேறு நாணைக் கிட்டவே விட்டதில்லை.

அடுத்து எடை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம். நீங்கள் 45 பவுண்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் 28 அங்குல இழுப்புக்குச் சொல்லப்படுவது. உங்கள் இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்ட் குறையும், கூடினால் அதே அளவு கூடும். பயிற்சிக்குக் குறைந்த எடையில் இன்னொரு ஜோடி லிம்ப் வாங்குங்கள். தாங்கமுடியாத எடையை இழுப்பவன் நாண் தாடையைத் தொடும் முன்பே விட்டுவிடுவான், அந்தப் பழக்கம் பிடித்தால் எளிதில் போகாது. அறுபது பவுண்ட் என்று பெருமையடித்துக்கொண்டு மைதானத்துக்கு வரும் நம்மவர்கள் ஆறாவது அம்புக்குமேல் கை நடுங்க நிற்பதைப் பார்க்கத்தானே போகிறீர்கள்.

வில்லைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் பிரேஸ் ஹைட், அதாவது கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம். 62 அங்குல வில்லுக்குச் சுமாராக ஏழரையிலிருந்து எட்டே கால் அங்குலம் இருக்கும், தயாரித்தவர் சொல்லும் அளவைப் பார்த்துத் தொடங்குங்கள். நாணை முறுக்கினால் நீளம் குறைந்து இந்தத் தூரம் கூடும். கொஞ்சம் முறுக்கி எய்து சத்தத்தைக் கேளுங்கள். எந்த அளவில் வில் குறைவாகச் சத்தமிட்டு, கையில் அதிர்வு அடங்குகிறதோ அதுவே உங்கள் அளவு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது டாக்ரான் நாண் நீண்டுகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் எய்யும் முன் அளந்து பாருங்கள்.

பிறகு நாணில் அம்பு பொருத்தும் இடம். அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் நிலையிலிருந்து அரை அங்குலம் மேலே வைத்துத் தொடங்குங்கள். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவராக இருந்தால் இன்னும் சற்று மேலே. தாழ வைத்தால் அம்பின் வால், அம்பு தங்கும் வில்மேடையில் மோதி எழும்பி, நீங்கள் பார்க்கும் விளைவு எல்லாமே பொய்யாகிவிடும்.

இப்போது இறகில்லாத அம்பு. இறகுள்ள அம்புகள் மூன்றும் அதே நீளம், அதே முனை எடையில் இறகில்லாத ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து கெஜத்தில் தொடங்கி இருபதுக்குப் போங்கள். மேல் கீழ் வித்தியாசத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இறகில்லாதது மற்றவற்றுக்கு மேலே குத்தினால் பொருத்தும் இடம் தாழ்வாக இருக்கிறது, உயர்த்துங்கள். கீழே குத்தினால் இறக்குங்கள். அது தீர்ந்த பிறகுதான் இடம் வலம். வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் விறைப்பு போதாது. விறைப்பு அதிகமானால் முனையின் எடையைக் கூட்டுங்கள். போதாவிட்டால் எடையைக் குறையுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் அம்பை வெட்டுங்கள், ஒரு தடவைக்குக் கால் அங்குலத்துக்குமேல் வேண்டாம். முனைகளை மாற்றிப் பார்க்காமல் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு டஜன் அம்பையும் ஒரே நீளத்துக்கு வெட்டி வாங்கிவராதீர்கள், வெட்டியது வளராது. அம்பில் 500, 600 என்று போட்டிருப்பது வளைவின் அளவு. 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் தொய்வது 500. எண் கூடினால் அம்பு அதிகம் வளையும், இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் ஏராளம்.

இதெல்லாம் கை ஒழுங்காக இருந்தால்தான் பலிக்கும். மைதானத்தில் பலகைக்கு மூன்றடி முன்னால் நின்று, குறியே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு எய்து பழகுங்கள். நடுவிரல் வாயோரத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா, விட்ட பிறகும் இடக்கை அசையாமல் நிற்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். காண்டோ என்னும் அடுக்குமாடி வீட்டு வராந்தாவில் சாக்குமூட்டை வைத்துப் பழகலாம் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்கவே வேண்டாம். மைதானத்துக்கு இங்கே பஞ்சமில்லை. வில்வித்தை நபிவழி விளையாட்டு என்பதால் மலாய்க்காரர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், புதியவனுக்குப் பொறுமையாகச் சொல்லியும் தருகிறார்கள்.

வேட்டையே கூடாதா என்று கேட்பீர்கள். நான் என் சீன நண்பரோடு நியூசிலாந்துக்குப் போகிறேன். அங்கே செம்மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட விலங்கு, காட்டை அழிக்கிறது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பொது நிலத்தில் வில்லோடு போகலாம். ஆண் மான்கள் கத்தும் மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் நாங்கள் குறிவைக்கும் நாட்கள். ஆகவே ஜனவரியிலிருந்து என் பயிற்சி மாறிவிடும். முழங்காலிட்டும், உட்கார்ந்தும், சரிவில் நின்றும் எய்வேன். காட்டில் கை சூடேற எய்து பார்க்க முடியாது, முதல் அம்புதான் கணக்கு. அதனால் சில நாட்கள் மைதானத்துக்குப் போய் ஒரே ஓர் அம்பு எய்துவிட்டுத் திரும்பிவிடுவேன். குளிருக்குப் போடும் தடித்த சட்டையையும் மாட்டிக்கொண்டு பழகுவேன். கோலாலம்பூர் புழுக்கத்தில் அதைப் பார்த்துச் சிறுவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சட்டைக் கையில் நாண் உரசினால் அம்பு எங்கோ போகும், தோள் தடித்தால் இழுப்பும் குறையும். கிளம்பும் முன் இதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. வேட்டை முனைகளை அங்கே போய் வாங்கி, பயிற்சி முனையின் அதே எடையில் மாட்டி, இரண்டும் ஒரே இடத்தில் குத்துகின்றனவா என்று பார்த்த பிறகே காட்டுக்குள் நுழைவோம். இருபது கெஜத்துக்கு மேலே நிற்கும் மானை நான் எய்வதில்லை.

நீங்களும் ஒருநாள் அங்கே போவதாக இருந்தால் பூட்ஸின் அடியைப் பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மண் ஒட்டியிருந்தால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள், சொல்லாமல் மறைத்த பொருளுக்கு அங்கேயே 400 டாலர் அபராதம். அம்பில் ஒட்டிய வான்கோழி இறகும் விலங்குப் பொருள்தான், படிவத்தில் எழுதிவிடுங்கள்.