தொழில்முறை விளையாட்டில் ஊக்கமருந்து: ரசிகருக்கு அதில் என்ன அக்கறை?

விளையாட்டு உலகில் ஊக்கமருந்து இவ்வளவு பரவியிருக்கும்போது ரசிகர்கள் அதைப் பற்றி ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும், வயது வந்தவர்கள் தங்கள் உடம்பில் எதைச் செலுத்திக்கொண்டால் நமக்கென்ன, நல்ல ஆட்டம் கிடைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடகளத்தையும் மிதிவண்டிப் பந்தயங்களையும் நெடுங்காலமாகத் தொடர்ந்து பார்த்துவருபவன் என்ற முறையில், அக்கறை கொள்ளத்தான் வேண்டும் என்பது என் பதில். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு அவ்வளவாக உடன்பாடு இல்லை.

ஊக்கமருந்து இயற்கைக்கு மாறானது என்பது அந்த வழக்கமான காரணங்களில் முதன்மையானது. இந்த வாதம் அதிக தூரம் போகாது. காஃபீன் 2003ஆம் ஆண்டின் இறுதிவரை கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது, பிறகு நீக்கப்பட்டது. மெல்டோனியம் 2015 டிசம்பர் 31 வரை அனுமதிக்கப்பட்ட மருந்து; மறுநாள் முதல் அது தடைசெய்யப்பட்டது, அந்த மாதமே டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா அதில் சிக்கினார். உயர்ந்த மலைப்பகுதியில் தங்கிப் பயிற்சி செய்து இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளலாம். ஊசி வழியாகப் பெருக்கிக்கொண்டால் குற்றம். ஆகவே கோடு மனிதர்கள் போட்டதுதான், அது அவ்வப்போது இடம் மாறவும் செய்கிறது. ஆனால் விளையாட்டில் எந்தக் கோடுதான் மனிதர்கள் போடாதது? கால்பந்தின் ஆஃப்சைடு விதியும் அப்படி வந்ததே. போட்டியில் இறங்கும் அனைவரும் ஒப்புக்கொண்ட ஒரு விதியை ஒருவர் மட்டும் இரகசியமாக மீறும்போது, அந்த விதியை மதித்தவரிடமிருந்து ஏதோ ஒன்று பறிக்கப்படுகிறது. என் அக்கறை முழுவதும் அந்தப் பறிகொடுத்தவரைப் பற்றியது.

அமெரிக்கக் குண்டு எறிதல் வீரர் ஆடம் நெல்சனை எடுத்துக்கொள்வோம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் குண்டு எறிதல் போட்டி பழங்கால ஒலிம்பியாவிலேயே நடத்தப்பட்டது. முதல் வீச்சிலேயே நெல்சன் 21.16 மீட்டர் எறிந்தார். அடுத்த ஐந்து வீச்சுகளும் பிழையாயின. உக்ரைனின் யூரி பிலோனோக்கும் அதே 21.16 மீட்டரைத் தொட்டார். இருவரும் சமம் என்ற நிலையில், இரண்டாவது சிறந்த வீச்சு யாருடையது என்று பார்த்துத் தங்கப் பதக்கம் பிலோனோக்குக்கு வழங்கப்பட்டது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த சிறுநீர் மாதிரிகளை எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் பரிசோதித்தபோது பிலோனோக் ஊக்கமருந்து எடுத்திருந்தது தெரியவந்தது. 2012 டிசம்பரில் அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. மறு ஆண்டு நெல்சன் தம்முடைய தங்கத்தைப் பெற்றுக்கொண்ட இடம் அட்லாண்டா விமான நிலையத்தின் உணவுக்கூடம். ஒரு பர்கர் கடையின் அருகே, ஒலிம்பிக் குழுவைச் சேர்ந்த ஓர் அதிகாரி அதை அவரிடம் ஒப்படைத்தார். தேசிய கீதம் இல்லை, மேடை இல்லை, பக்கத்து மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடப்பது என்னவென்றே தெரிந்திருக்காது.

பதக்கம் தாமதமானதைவிடப் பெரிய இழப்பு இடைப்பட்ட காலத்தில் நேர்ந்தது. குண்டு எறிதலில் பணம் குறைவு. ஒலிம்பிக் சாம்பியன் என்ற பட்டம் இருந்தால் விளம்பர ஒப்பந்தங்கள் வரும், இரண்டாம் இடத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. ஏதென்ஸுக்கு அடுத்த ஆண்டு, நெல்சன் ‘இடம் வாடகைக்கு’ என்ற வாசகத்தைத் தம் சட்டையில் தாங்கிப் போட்டியிட்டார். விளம்பரதாரர் வேண்டி அந்தச் சட்டை இடத்தை ஈபே தளத்தில் ஏலமும் விட்டார். உண்மையில் அவர் அப்போது ஒலிம்பிக் சாம்பியன், அது அவருக்கே தெரியாது.

ஸ்பெயினின் பளுதூக்கும் வீராங்கனை லிதியா வாலென்தினின் கதை இன்னும் விசித்திரமானது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் அவர் நான்காவதாக வந்தார். பின்னர் அவருக்கு முன்னால் வந்த மூவரும் ஊக்கமருந்துக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட, தங்கம் அவருக்கு வந்து சேர்ந்தது. 2008 பெய்ஜிங்கில் ஐந்தாவதாக வந்தவர், அதே விதமாக வெள்ளிக்கு உயர்த்தப்பட்டார். போட்டி நடந்த நாளில் பதக்க மேடைக்கு அருகில்கூடப் போகாதவர் இன்று ஒலிம்பிக் சாம்பியன். ரசிகர்களாகிய நமக்கும் இதில் இழப்பு உண்டு; நாம் அன்று எழுந்து நின்று கைதட்டியது தவறான மூவருக்கு.

‘எல்லோரும்தான் எடுக்கிறார்கள், அப்படியானால் களம் சமம்தானே’ என்பது நான் அதிகம் கேட்கும் எதிர்வாதம். பரவல் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. 2011 டேகு உலகத் தடகளப் போட்டியின்போது, பதிலளிப்பவரின் அடையாளம் வெளிப்படாதவாறு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, முந்தைய ஓராண்டில் தடைசெய்யப்பட்ட முறைகளைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 43 சதவீதம் என்று மதிப்பிட்டது. வழக்கமான பரிசோதனைகளில் சிக்குபவர்கள் ஒன்றிரண்டு சதவீதமே. அந்த மதிப்பீட்டின் கணக்கு முறை பற்றி விவாதம் உண்டு என்றாலும், இடைவெளி பெரியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் எல்லோரும் எடுத்தாலும் களம் சமமாகாது. மிதிவண்டிப் பந்தயங்களில் 1990களில் புழங்கிய ஈ.பி.ஓ. என்னும் எரித்ரோபொய்ட்டின் இதை நன்றாகக் காட்டுகிறது. அது சிவப்பணுக்களைப் பெருக்கித் தசைகளுக்கு அதிக ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும் மருந்து. நேரடியாகக் கண்டறியும் பரிசோதனை 2000ஆம் ஆண்டுவரை இல்லாததால், பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் 1997இல் ஓர் எல்லையை வகுத்தது: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வீரர் தற்காலிகமாகப் போட்டியிலிருந்து விலக வேண்டும். நடைமுறையில் இது, 50 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. இயல்பாகவே 48 உள்ளவருக்கு இதில் கிடைப்பது இரண்டு புள்ளிகள். 40 உள்ளவருக்குப் பத்து. பிறவியிலேயே சிறந்த இரத்தத்தோடு வந்தவர் பின்தங்கினார், மருந்துக்கு நன்றாக இணங்கும் உடம்பு முன்னேறியது. அத்துடன் யாருக்குத் திறமையான மருத்துவர் வாய்த்தார், யாரிடம் பணம் இருந்தது என்பதும் சேர்ந்துகொண்டது. அந்தப் பந்தயங்களில் நாம் பார்த்தது யார் சிறந்த மிதிவண்டி வீரர் என்பதை அல்ல.

மருந்தை விரும்பாதவருக்கு அங்கே என்ன இடம் இருந்தது என்பதற்கு பிரான்ஸின் மிதிவண்டி வீரர் கிறிஸ்தோஃப் பஸோன்ஸ் சாட்சி. 1998இல் டூர் டி பிரான்ஸ் தொடங்கும் நேரத்தில் ஃபெஸ்தினா அணியின் வண்டி எல்லையில் மருந்துக் குவியலோடு பிடிபட்டு, அணியே பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது, மருந்தைத் தொடாதவர் என்று சக வீரர்களே சுட்டிக்காட்டிய ஒருவர் அவர். மறு ஆண்டுப் பந்தயத்தில் வேறு அணிக்காக ஓட்டிக்கொண்டே, வேகத்தைப் பார்த்தால் எதுவும் மாறவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். ஓடும் பந்தயத்தின் நடுவே லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, இப்படிப் பேசுவதானால் விளையாட்டைவிட்டே போய்விடு என்ற பொருள்படப் பேசினார். சக வீரர்களின் கூட்டமே பஸோன்ஸை ஒதுக்கியது. பந்தயம் முடியும் முன்பே பஸோன்ஸ் வீடு திரும்பினார். ஆம்ஸ்ட்ராங் அந்த ஆண்டு தொடங்கி ஏழு முறை பட்டம் வென்றார். 2012இல் ஏழும் பறிக்கப்பட்டன. வயது வந்தவர்கள் தாமாக எடுக்கும் முடிவு என்று சொல்பவர்கள் பஸோன்ஸ் முன்னிலையில் இருந்த தெரிவுகள் எவை என்று சற்று எண்ணிப்பார்க்கலாம்: மருந்து எடு, அல்லது வேறு வேலை தேடு.

அந்த ‘வயது வந்தவர்கள்’ என்பதிலும் சிக்கல் உண்டு. கிழக்கு ஜெர்மனி 1974 முதல் அரசுத் திட்டமாகவே ஊக்கமருந்து கொடுத்தது. பதின்ம வயதுச் சிறுமிகளுக்குக் கொடுக்கப்பட்ட நீல நிற ஓரல் டூரினபோல் என்னும் ஸ்டீராய்டு மாத்திரைகள் வைட்டமின் என்று சொல்லப்பட்டன. 2000ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம், அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மன்ஃப்ரெட் ஏவால்டையும் மருத்துவர் மன்ஃப்ரெட் ஹோப்னரையும் உடல் ஊறு விளைவித்தலுக்கு உடந்தை என்று தீர்ப்பளித்தது. தண்டனையோ நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை மட்டுமே. அது ஒரு சர்வாதிகார அரசு, இன்றைய தொழில்முறை விளையாட்டு வேறு என்று சொல்லலாம். ஆனால் பதினாறு வயதில் ஒப்பந்தம் தேடி நிற்கும் ஒருவருக்குப் பயிற்சியாளர் நீட்டும் மாத்திரையை மறுக்கும் துணிவு எந்த நாட்டிலும் எளிதில் வராது.

இனி ரசிகரின் பங்கு. 1998இல் அமெரிக்க பேஸ்பாலில் மார்க் மக்வயரும் சாமி சோசாவும் ஒரு பருவத்தில் அதிக ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தெடுக்கும் ஓட்டம்) என்ற சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தபோது, மக்வயரின் அலமாரியில் தசை வளர்ச்சிக்காக எடுக்கப்படும் ஆண்ட்ரோஸ்டெனிடையோன் என்ற ஹார்மோன் மருந்தின் குப்பி ஒன்றைச் செய்தியாளர் ஒருவர் கண்டு எழுதினார். ஒலிம்பிக்கில் அது தடைசெய்யப்பட்டிருந்தது. பேஸ்பாலில் அப்போது தடை இல்லை. கோபம் மக்வயர் மீது அல்ல, எழுதியவர் மீது திரும்பியது. 1994இல் வீரர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வெறிச்சோடிய அரங்குகள் மறுபடி நிரம்பிக்கொண்டிருந்த நேரம் அது. யாருக்கும் அந்தக் குப்பியைப் பார்க்க விருப்பமில்லை. மக்வயர் 70 ஹோம் ரன்களோடு அந்தப் பருவத்தை முடித்தார், 2010இல் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார். பிடிபடுபவருக்குத் தண்டனை தரும் பரிசோதனை அந்த லீகில் 2004இல்தான் தொடங்கியது. ரசிகர்கள் கேட்கும்வரை லீக் நடத்துபவர்களுக்கு அவசரம் எதுவும் இருப்பதில்லை, ஏனென்றால் நுழைவுச்சீட்டு விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகுகள் இன்றும் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் விதித்தொகுப்பில் கையெழுத்திடவில்லை. தொழிற்சங்கத்தோடு பேரம் பேசி வகுத்த சொந்த விதிகளையே வைத்திருக்கின்றன.

அக்கறை என்றால் பிடிபட்டவரைக் கல்லால் அடிப்பது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. இதில் ரசிகர்களின் நடத்தை பெரும்பாலும் பிடித்தவர், பிடிக்காதவர் கணக்குதான். 2017 லண்டன் உலகப் போட்டியில், இருமுறை ஊக்கமருந்துத் தடை பெற்றுத் திரும்பிய ஜஸ்டின் காட்லின் 100 மீட்டரில் உசைன் போல்ட்டை முந்தியபோது அரங்கமே எதிர்ப்புக் கூச்சலிட்டது. 2003 உலகக் கோப்பையின்போது தடைசெய்யப்பட்ட சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைக்காக ஓராண்டுத் தடை பெற்ற ஷேன் வார்னை, கிரிக்கெட் ரசிகர்களில் எத்தனை பேர் அந்த நிகழ்வோடு சேர்த்து நினைக்கிறோம்? எனக்கும் அவர் முதலில் சுழற்பந்து வீச்சாளர்தான்.

குற்றங்களிலும் தரம் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் பதினாறு வயது ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆந்திரேயா ரெடுகான், அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையால் தங்கத்தை இழந்தார். பல ஆண்டுகள் திட்டமிட்டு இரத்தத்தை மாற்றிக்கொண்டவரோடு அவரை ஒரே வரியில் எழுதுவது அநியாயம். அதே போல, நேர்மையானவர்கள் இந்த அமைப்புக்குச் செலுத்தும் விலையையும் ரசிகர்கள் அறிந்திருப்பது நல்லது. முன்னணி வீரர்கள் ஆண்டின் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்துக்குத் தாம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறை தவறினால் மருந்து எடுக்காதவருக்கும் தடைதான். போட்டி முடிந்து உடம்பில் நீர் வற்றிப்போன நிலையில், ஆடையை விலக்கி நின்று, அதிகாரி ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க 90 மில்லிலிட்டர் சிறுநீர் தர வேண்டும். வராவிட்டால் வரும்வரை காத்திருக்க வேண்டும், அது சில சமயம் நள்ளிரவைத் தாண்டும். இவ்வளவுக்கும் உட்பட்டவரிடம் போய், எல்லோரும் எடுக்கிறார்கள் என்று நாம் தோளைக் குலுக்குவது அவமதிப்பு.

அப்படியானால் மருந்தை வெளிப்படையாக அனுமதிக்கும் தனிப் போட்டி ஒன்று இருந்தால் என்ன என்று கேட்கலாம். ‘என்ஹான்ஸ்டு கேம்ஸ்’ என்ற பெயரில் அந்த முயற்சியும் தொடங்கிவிட்டது. கிரேக்க நீச்சல் வீரர் கிறிஸ்டியன் கொலொமீயெவ் 2025 பிப்ரவரியில், மருந்தின் துணையோடும் 2010இல் தடைசெய்யப்பட்ட வகை நீச்சலுடையோடும் 50 மீட்டரை 20.89 நொடிகளில் நீந்தினார். அப்போதைய உலக சாதனையான 20.91ஐவிட 0.02 நொடி குறைவு. அதற்குப் பரிசு பத்து லட்சம் டாலர். ஏப்ரலில் அனுமதிக்கப்பட்ட உடையோடு நீந்தியபோது அவருக்கு 21.03 நொடிகள் பிடித்தன. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, எனவே நெல்சனுக்காக நான் வைக்கும் வழக்கு அவர் மீது செல்லாது. மருத்துவ அபாயமும் கட்டாயமும் பற்றிய கேள்விகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. பார்க்க விரும்புபவர்கள் பார்க்கட்டும். அந்த 0.02 நொடியில் எவ்வளவு மருந்துக்கு, எவ்வளவு உடைக்கு, எவ்வளவு நீந்தியவருக்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லாத ஒரு போட்டியில் எனக்கு ஆர்வம் பிறக்கவில்லை.