நிலவறைத் தரையை இறக்கினால் காசு எங்கே போகிறது? ஒட்டு வீட்டுக்காரர்களின் கேள்விகள்

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி): சார், இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள பழைய வீடு. தெரு மட்டத்துக்குக் கீழே 12க்கு 20 அடியில் ஓர் அறை. உயரம் ஆறரை அடிதான். ஒன்றரை அடி இறக்கினால் மண் எடுக்கும் கூலி எவ்வளவு வரும்?

பதில்: மண் எடுப்பது இதில் சின்னக் கணக்கு. ஒன்றரை அடி உயரம் கிடைக்க இரண்டரை அடி தோண்ட வேண்டும். மீதி ஓரடியில் 4 அங்குல பிசிசியும் (கம்பி இல்லாத அடித்தளக் கான்கிரீட்) 8 அங்குலக் கம்பி கான்கிரீட்டும் உட்காரும். 240 சதுர அடிக்கு 600 கன அடி, அதாவது 6 யூனிட். வெட்டிய மண் உப்பி ஏழரை யூனிட்டாக வெளியே வரும். அத்தனையும் படியேறிச் சட்டியில்தான் போக வேண்டும்.

காசைத் தின்பது சுவரின் கடைக்கால். சுவர் அடி இப்போதைய தரைக்குக் கீழே ஓரடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளம் அதைவிட ஒன்றரை அடி கீழே போகிறது. ஆகவே நான்கு சுவருக்கும், 64 அடி நீளத்துக்கு, அடியில் புதிய கடைக்கால் கொடுக்க வேண்டும். 4 அடித் துண்டாக 16 துண்டு. ஒவ்வொன்றும் 2 அடி அகலம், 3 அடி ஆழம் என்றால் மொத்தம் 384 கன அடி கான்கிரீட். தரைக்கு 160, பிசிசிக்கு 80 கன அடி. ஏறக்குறைய 130 மூட்டை சிமெண்ட், 900 கிலோ கம்பி, ஐந்தரை யூனிட் ஜல்லி, 3 யூனிட் எம்-சாண்ட். மூட்டை 400, கம்பி கிலோ 65 ரூபாய் என்று போட்டால் பொருளுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். துண்டு துண்டாகச் செய்யும் வேலை என்பதால் கூலி அதைத் தாண்டும். வாட்டர்ப்ரூஃபிங், முட்டு, மோட்டார், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எல்லாம் சேர்த்து ஐந்து, ஆறு லட்சம் கையில் இல்லாமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். சுவர் தாங்குமானால் அதே காசில் மாடியில் ஒரு காய்ந்த அறை கட்டலாம் என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): மேஸ்திரி ஒரே தடவையில் தோண்டி, பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

பதில்: வேறு ஆளைப் பாருங்கள். நீளம் முழுக்க அடிமண்ணை எடுத்தால் சுவர் நிற்க இடமே இருக்காது. உங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு இழுவை தாங்கும் சக்தி அறவே குறைவு. முதல் விரிசலே பக்கத்து வீட்டில்தான் விழும்.

முறை இதுதான். துண்டுகளுக்கு 1 முதல் 4 வரை எண்களைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். முதலில் 1ஆம் எண் துண்டுகளை மட்டும் தோண்டுங்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டு ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. பழைய கடைக்காலின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கம்பி வைத்து, மேலே 2 முதல் 3 அங்குலம் இடைவெளி விட்டுக் கான்கிரீட் போடுங்கள். ஓரிரு நாள் கழித்து அந்த இடைவெளியில் சுருங்காத கிரவுட்டை (இடைவெளி அடைக்கும் சிமெண்ட் கலவை) ஈரம் குறைவாகக் கலந்து கட்டையால் இடித்து நிரப்ப வேண்டும். இந்த இடிப்பில்தான் பலர் சோம்பல் படுவார்கள். இறுக்கமாக நிரம்பாத இடத்தில் சுவர் கொஞ்சம் இறங்கித்தான் உட்காரும். அடுத்த எண்ணை ஏழு நாளுக்கு முன் தொடாதீர்கள். நான்கு சுற்றுக்கும் சேர்த்து நாற்பது நாள் ஆகும்.

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): எங்கள் கீழறையில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஊறும். இறக்கும்போதே கெமிக்கல் அடித்தால் நின்றுவிடுமா ஐயா?

பதில்: கெமிக்கல் ஈரத்தைத் தடுக்கும், அழுத்தத்தைத் தடுக்காது. தரைக்கு அடியில் ஒவ்வோர் அடி நீர்மட்டமும் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும். அதைச் சமன் செய்ய 5 அங்குல கான்கிரீட்டின் எடை வேண்டும். மழையில் நீர்மட்டம் உங்கள் தரையின் அடிப்பக்கத்துக்கு மேல் இரண்டடி ஏறினால், 8 அங்குலத் தரை தூக்கும் அல்லது வெடிக்கும். அதனால் தரைக் கம்பியைப் புதிய கடைக்காலுக்குள் விட்டுக் கட்ட வேண்டும், அப்போது சுவரின் பாரமும் தரையை அழுத்திப் பிடிக்கும்.

கெடிலமும் தென்பெண்ணையும் பாயும் ஊர் உங்களுடையது. மே மாதக் கிணற்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கிணற்றுச் சுவரில் கார்த்திகைத் தண்ணீர் விட்ட கறையைப் பாருங்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று தெருவில் கேளுங்கள். அந்தக் கோடு புதிய தரைக்கு மேலே வருமானால், என் கருத்தில் இந்த வேலையே வேண்டாம். இன்னொன்று: மணல் மண்ணில் மோட்டார் போட்டு இறைத்தால் தண்ணீரோடு நுண்மணலும் வரும். கலங்கிய தண்ணீர் வந்தால் உடனே நிறுத்துங்கள். பக்கத்து வீட்டின் அடிமண்தான் குழாயில் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி (கேப்பர் மலைப் பக்கம், கடலூர்): எங்களுடையது செம்மண், இறுகிய தரை. செலவு குறையுமா?

பதில்: தண்ணீர் இறைக்கும் செலவு குறையும், வெட்டுக்கூலி ஏறும். தரையை உடைக்கும் பெரிய பிரேக்கர் இயந்திரம் வேண்டாம், அதிர்வு பொதுச்சுவர் வழியாகப் பக்கத்துக்குப் போகும். கையில் பிடிக்கும் சின்ன மின்சார பிரேக்கர் போதும்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): பக்கத்து வீட்டு அண்ணன் சம்மதிக்கவில்லை. என் இடத்தில்தானே தோண்டுகிறேன்?

பதில்: 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டு தடையில்லாமல் உரிமையாக உங்கள் மண்ணின் தாங்கலில் நின்ற கட்டடத்துக்கு அந்தத் தாங்கல் உரிமையாகிவிடும். சண்டைக்குப் போகாமல் இன்ஜினியர் வரைபடத்தை அவரிடம் காட்டுங்கள். இரண்டு வீட்டு விரிசலையும் தேதியோடு படமெடுத்து, இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். பழைய விரிசல் மேல் கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டுங்கள். அது உடைந்தால் அன்றைக்கு வேலை நிற்க வேண்டும்.

அப்படியும் மறுத்தால், சுவரைத் தொடாமல் ஓரத்தில் தோண்டாத மண் திட்டு விட்டு நடுவில் மட்டும் இறக்கலாம். மணல் மண்ணில் கடைக்கால் அடிக்குக் கீழே போகும் ஒவ்வோர் அடிக்கும் இரண்டடி திட்டு வேண்டும். ஒன்றரை அடி இறங்கினால் பக்கத்துக்கு மூன்றடி, முதல் கேள்வியில் வந்ததுபோன்ற 12 அடி அறை 6 அடி நடைபாதையாகிவிடும். களியோ இறுகிய மண்ணோ என்றால் இன்ஜினியர் பார்த்துக் குறைத்துச் சொல்வார்.

கேள்வி (லாஸ்பேட்டை): மகன் டொரொண்டோவில் ஒட்டு வீடு வாங்கி, கீழறையை இறக்கப்போகிறான். இதே முறைதானா?

பதில்: முறை அதேதான் அம்மா, துண்டு துண்டாகத்தான். அங்கே நகராட்சி அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. உறைபனிக்குத் தப்ப வெளிச்சுவர் கடைக்கால் தரை மட்டத்திலிருந்து 4 அடிக்குக் கீழே இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயையும் இறக்க வேண்டுமா, தெருவில் அது எந்த ஆழத்தில் போகிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

பதில்: பங்குனி பிறந்ததும். நாற்பது நாள் கடைக்கால், பிறகு தரை, க்யூரிங் (கான்கிரீட்டை நனைத்து வைப்பது). ஆடிக்குள் முடித்துவிடுங்கள்.