ஹன்சன்கள் எல்லாரும் சொந்தக்காரர் இல்லை

தங்கச்சி, நோர்வேக்கு வந்த புதிதில் எல்லாருக்கும் வருகிற கேள்விதான் உங்களுடையதும்: வேலையிடத்தில் மூன்று ஹன்சன், மேல்மாடியில் இன்னொரு ஹன்சன், இவர்கள் ஒரே குடும்பமோ? பிறக்கப்போகும் பிள்ளைக்கு எதைக் குடும்பப் பெயராகப் போடுவது?

ஹன்சன் என்றால் ஹன்ஸின் மகன், அவ்வளவுதான். ஊருக்கு ஊர் ஹன்ஸ் இருந்தார்கள், அதனால் ஊருக்கு ஊர் ஹன்சன். இங்கே மிகப் பரவலான குடும்பப் பெயரே அதுதான். யொஹான்சன், ஓல்சனும் கூடவே வரும். முன்பு இது எங்கள் முறை போலவே தலைமுறைக்குத் தலைமுறை மாறியது: ஹன்ஸின் மகன் ஓலெ ஹன்சன், அவன் மகன் லார்ஸ் ஓல்சன், மகள் ஓல்ஸ்தாத்தர், அதாவது ஓலெயின் மகள். அந்தப் பெயருக்குப் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயரும் சேரும். அது விலாசம் மாதிரி, பண்ணை மாறினால் பெயரும் மாறும். நகரத்துக்கு வந்தவர்கள் தகப்பன் பெயரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 1923 சட்டம் எல்லாக் குடும்பங்களுக்கும் நிலையான பெயரைக் கட்டாயமாக்கியது. அன்றைக்கு யார் பெயர் கடைசியில் நின்றதோ, அது உறைந்துவிட்டது. இப்போது பெண்களும் ஹன்சன்தான். மகன் என்ற பொருளை யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் அந்த உறைதல் இப்போது நடக்கப்போகிறது. பிள்ளை பிறந்து 6 மாதத்துக்குள் வரித் திணைக்களத்துக்குப் பெயரை அறிவிக்க வேண்டும். இங்கே பெயர்ப்பதிவும் அவர்களின் வேலைதான். விட்டுவிட்டால் தாயின் குடும்பப் பெயர் தானாக விழும். உங்கள் கடவுச்சீட்டில் கடைசியில் நிற்பது உங்கள் அப்பாவின் பெயர் என்றால், பிள்ளைக்கு அம்மப்பாவின் பெயர். கணவரின் கடைசிப் பெயரைத் தெரிவுசெய்தால், அவருக்கும் அப்படியே என்றால், அவரது முதற்பெயர் இல்லை, அவருடைய அப்பாவின் பெயர் போகும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மூத்ததுக்கு ஒன்று, இளையதுக்கு இன்னொன்று என்று போனால், விமான நிலையத்தில் சகோதரங்கள் என்று விளங்கப்படுத்த வேண்டி வரும். ஒன்றைத் தீர்மானித்து எல்லாப் பிள்ளைக்கும் அதையே கொடுங்கள். மற்றதை நடுப்பெயராக, மெல்லொம்நவ்ன் என்ற கட்டத்தில் போடலாம்.

பிறகு மாற்றலாம், கட்டணமும் இல்லை. ஆனால் பொதுவாக 10 வருடத்துக்கு ஒருமுறைதான். விரும்பினால் நீங்களே ஹன்சன் ஆகலாம்: 200 பேருக்கு மேல் வைத்திருக்கும் பெயரை யாரும் எடுக்கலாம். அதற்குக் குறைந்தவை பாதுகாக்கப்பட்டவை. அந்நியர் எடுக்க, வைத்திருப்பவர்கள் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். எங்கள் பெயர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

வேலையிடத்தில் ஹன்சனை ஹன்சன் என்று கூப்பிடாதீர்கள். முதலாளியானாலும் முதற்பெயர்தான்.

தபால்பெட்டியில் உங்கள் இருவரின் கடைசிப் பெயரையும் எழுதுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் மற்றவருக்கு வரும் கடிதம் திரும்பிப் போகக்கூடும்.