ஆபீசில் அனுப்பிய மெயில் வீட்டில் ஏன் இல்லை?

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறேன். வெப்சைட் செய்து கொடுத்தவரே கம்பெனி பெயரில் ஐந்து மெயில் ஐடியும் போட்டுக் கொடுத்தார். பார்ப்பது மூன்று பேர்தான். ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர், வீட்டில் லேப்டாப், எல்லாவற்றிலும் அவுட்லுக். ஒன்றில் வரும் மெயில் இன்னொன்றில் வருவதில்லை. பையருக்கு ஆபீசிலிருந்து அனுப்பிய கொட்டேஷனை ராத்திரி வீட்டில் தேடினால் இல்லை. வேறு ஹோஸ்டிங் வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். அவுட்லுக்கில் அக்கவுன்ட் செட்டிங்ஸைத் திறந்தால் உங்கள் ஐடிக்குப் பக்கத்தில் 'பாப்' அல்லது 'ஐமேப்' என்று இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாப்தான். அது மெயிலை சர்வரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும். சர்வரில் காப்பி விட்டுவைக்கச் சொல்லும் டிக்கை யாராவது எடுத்திருந்தால், முதலில் திறந்தவருக்கே மெயில். டிக் இருந்தாலும் அனுப்பிய மெயில் அனுப்பிய கம்ப்யூட்டரோடு சரி.

ஐமேப்பில் எல்லாம் சர்வரிலேயே இருக்கும். வந்தது, அனுப்பியது, படித்தது, படிக்காதது எல்லாமே எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். உங்கள் இப்போதைய ஹோஸ்டிங்கிலேயே அது அநேகமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள். செட்டிங்ஸில் போர்ட் நம்பர் கேட்டால் 993 என்று போடுங்கள். அவுட்லுக்கில் பாப்பை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது, ஐடியைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய மெயில்களைப் புதிய போல்டர்களுக்கு இழுத்துப் போட்டு, வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பழையதை எடுங்கள். மூன்றிலும் மாற்றுவது முக்கியம். நான் மாற்றியபோது மாடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை மறந்துவிட்டேன். அது பாட்டுக்கு பாப்பில் மெயில்களை உருவிக்கொண்டிருந்தது, கீழே இன்பாக்ஸ் தினமும் காலி.

அப்புறம் இடம். சாம்பிள் போட்டோ, ஆர்ட்வொர்க் எல்லாம் இனி சர்வரில் சேரும். மலிவான ஹோஸ்டிங்கில் வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் ஒரே இடம்தான். நிரம்பினால் பையர் அனுப்பும் மெயில் திரும்பிப் போய்விடும். அந்த நிலை வந்தாலோ, போன் நம்பரும் காலண்டரும் சேர்ந்து சிங்க் ஆக வேண்டும் என்றாலோ (ஐமேப் மெயிலை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும்) காசு கொடுத்துத் தனி மெயில் சேவை வாங்கலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாப்ட் 365, ஜோஹோ மெயில் எல்லாவற்றிலும் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. ஜோஹோவின் இலவச பிளானில் ஐந்து பேருக்கு ஆளுக்கு 5 ஜிபி உண்டு. ஆனால் ஐமேப் கிடையாது, அதனால் உங்கள் அவுட்லுக்கில் வராது. பிரவுசரிலும் அவர்கள் ஆப்பிலும் பார்க்கச் சம்மதம் என்றால் அதுவே போதும்.

ஐந்து ஐடிக்கும் பணம் கட்ட வேண்டாம். மூன்று வாங்கி, சேல்ஸ், அக்கவுன்ட்ஸ் ஐடிகளை அதிலேயே மாற்றுப்பெயராக (அலியாஸ்) சேர்த்துவிடுங்கள்; அவற்றுக்கு வரும் மெயிலும் அதே இன்பாக்ஸில் விழும்.

எங்கே மாறுவதானாலும் டொமைன் (மெயில் ஐடியில் @-க்குப் பிறகு வரும் உங்கள் கம்பெனி முகவரி) லாகின் கையில் வேண்டும். வெப்சைட் போட்டவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்திருந்தால், இந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.