தீபாவளி லோடு: புக்கிங் கவுன்டரிலிருந்து சில பதில்கள்

திருப்பூரில் பார்சல் புக்கிங் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆவணி பிறந்தாலே ஆளாளுக்குக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

2026 தீபாவளி நவம்பர் 8. தென் மாவட்டக் கடைகளுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறோம். நவம்பர் முதல் வாரம் அனுப்பினால் போதுமா? (திருப்பூர்)

போதாதுங்க. பண்டிகைத் தேதியை விட்டுவிட்டு, கடையில் கூட்டம் ஏறும் நாளைப் பாருங்கள். அக்டோபர் சம்பளம் கைக்கு வரும் சமயம், 31-ம் தேதி சனி, மறுநாள் ஞாயிறு. அந்த இரண்டு நாளில் கடையில் சரக்கு தொங்க வேண்டும். பெட்டியைப் பிரித்து, எண்ணி, விலை ஒட்ட மூன்று நாள். ஆக 28-க்குள் போய்ச் சேரணும். சாதாரண நாளில் திருநெல்வேலிக்கு ஒரு ராத்திரி ஓட்டம்தான். சீசனில் நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். லாரி மெதுவாகப் போவதால் இல்லை, குடோனில் இறக்க ஆளில்லாமல் வண்டி வரிசையில் நிற்பதால்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தினால் இரண்டு நாள் போச்சு. அடுத்த நாள் எல்லா லோடும் ஒரே நேரத்தில் கவுன்டருக்கு வரும். அதனால் முக்கால்வாசியை ஆயுத பூஜைக்கு முன்பே புக் செய்துவிடுங்கள். மிச்சம், எந்த சைஸ் ஓடுகிறது என்று கடைக்காரர் சொன்ன பிறகு.

பேக்கிங் ஆட்கள் பாதிப் பேர் பீகார், ஒடிசா. கடைசி வாரத்தில் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்களே? (திருப்பூர்)

சொல்லாமல் இல்லை, நீங்கள் கேட்கவில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே, அதாவது செப்டம்பர் முதல் வாரத்திலேயே, யார் எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பீகார்க்காரர்கள் சத் பூஜையும் முடித்துத்தான் வருவார்கள். அது தீபாவளி கழிந்து ஆறேழு நாளில் வரும். போனஸைப் பிடித்து வைத்தால் ஆள் நிற்பார் என்பதெல்லாம் நடக்காத காரியம்.

பெங்களூருக்குப் போன சரக்கின் இ-வே பில் வழியிலேயே காலாவதி. தவறு யாருடையது? (ஈரோடு)

போன சீசனிலும் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இ-வே பில் என்பது சரக்கு வண்டியில் போவதற்கு ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு. அது செல்லும் காலம் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. ஈரோடு–பெங்களூருக்கு இரண்டு நாள் கிடைக்கும். அந்தக் கெடு, வண்டி எண்ணை பில்லின் பகுதி 'பி'-யில் ஏற்றியதும் ஓட ஆரம்பிக்கிறது. நடுவில் சேலத்து குடோனில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றினாலும் புதுக் கெடு பிறக்காது. வண்டி எண் மட்டும்தான் மாறும். சீசனில் சரக்கு அங்கே தூங்குவதுதான் சிக்கல்.

கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும், முடிந்து 8 மணி நேரம் வரையும் நீட்டிக்கலாம். அதை டிரான்ஸ்போர்ட்காரர்தான் செய்ய வேண்டும், ஆனால் ஞாபகப்படுத்துவது நீங்கள். போனில் அலாரம் வையுங்கள், வெட்கமே வேண்டாம். அப்புறம், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் தாண்டினால்தான் இந்த பில்.

ஆன்லைனில் சேலை விற்கிறேன். 700 கிராம் சேலைக்கு ஒன்றரை கிலோ காசு வாங்குகிறார்கள் அண்ணா. (இளம்பிள்ளை)

பெட்டியை அளந்து பார்த்தீர்களா அம்மா? 30 × 25 × 10 செ.மீ. பெட்டி என்றால் 7,500. கூரியரில் பெரும்பாலும் அதை 5,000-ஆல் வகுப்பார்கள்: ஒன்றரை கிலோ. நிஜ எடை, கன அளவு எடை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. அதே சேலையைத் தட்டையாக மடித்துக் கெட்டிக் கவரில் 4 செ.மீ. உயரத்தில் போட்டால் 0.6 கிலோதான், நிஜ எடைக்கே காசு. பரிசுப் பெட்டி கேட்பவரிடம் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே 'வீட்டில் பணம்' (சரக்கு கைக்கு வந்ததும் காசு, சி.ஓ.டி.) ஆர்டரை நிறுத்திவிடுங்கள். பண்டிகை முடிந்து போய்ச் சேரும் சேலையை யாரும் வாங்க மாட்டார்கள். போகவர இரண்டு கூலியும் உங்கள் தலையில்.

மழைக்கு என்ன ஏற்பாடு? (கரூர்)

ஐப்பசி மழையும் தீபாவளியும் கூடவே பிறந்தவை. பெட்டிக்குள் பாலித்தீன் பை, வாயை முறுக்கிக் கட்டணும். வெளியே மார்க்கர் எழுத்து மட்டும் போதாது. ஒரு வருடம் மதுராந்தகம் போக வேண்டிய 14 பெட்டியில் மழை பட்டு 'மதுரா' மட்டும் மிஞ்சியது. லோடுமேன் யோசிக்காமல் மதுரை வண்டியில் ஏற்றிவிட்டார். சரக்கு திரும்பியது தீபாவளிக்கு மறுநாள். அன்றிலிருந்து முகவரிச் சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போடச் சொல்கிறேன். ஊரோடு பின்கோடும் இருக்க வேண்டும்.

சிவகாசியிலிருந்து பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கூரியரில் வாங்கி விற்கலாமா? (கோவை)

கூடாது. வெடிபொருள் கூரியரில் போகாது. ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டாயிற்று. துணி என்று எழுதி அனுப்புவோர் உண்டு. என் கவுன்டரில் அப்படி ஒரு பெட்டி பிடிபட்டால் அடுத்த முறை அவருக்கு எல்.ஆர். (லாரி ரசீது) கிடையாது.

30,000 ரூபாய் சரக்கு காணாமல் போனது. வாடகை 400. முழுப் பணம் கிடைக்குமா? (மதுரை)

மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், சாலைவழிச் சரக்குச் சட்டப்படி பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரைதான். உங்கள் கணக்கில் 4,000. புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். போனில் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது. இந்த சீசனுக்காவது டிரான்சிட் இன்ஷூரன்ஸ் (வழியில் போகும் சரக்குக்கான காப்பீடு) எடுத்துவிடுங்கள்.

சீசனில் வாடகை ஏற்றுகிறார்கள். பேரம் பேசலாமா? (பல்லடம்)

இப்போது, ஆவணியில் வாருங்கள், டீ வாங்கித் தந்து பேசுவேன். ஐப்பசியில் வந்தால் நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்கு நேரம் இருக்காது.