வெள்ளிக் கவரில் ஸ்டேப்ளர் பின்: வாசகர் கேள்வி-பதில்

கம்ப்யூட்டர் பாகங்கள் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கதை: வந்த பொருள் ஓடவில்லை, விற்றவர் "ஸ்டேட்டிக் அடிச்சிருக்கும் சார்" என்கிறார். ஸ்டேட்டிக் என்றால் நிலைமின்சாரம்: உரசலில் சேர்ந்து, தொட்டதும் பாயும் மின்னேற்றம். இந்த வாரம் முழுக்க அதுதான்.

ஆன்லைனில் 16 ஜிபி ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) வாங்கினேன். வெறும் பபுள் ராப்பில் சுற்றி கூரியர் கவரில் போட்டு அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேட்டால், 'நீங்கள் கையால் தொட்டபோது நிலைமின்சாரம் பாய்ந்திருக்கும், வாரண்டி வராது' என்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்! உங்கள் கை பட்டது ஒரு நிமிடம். அவர்களுடைய பபுள் ராப் வழியெல்லாம் அந்த ரேமோடு உரசிக்கொண்டு வந்திருக்கிறது. சாதாரண பபுள் ராப் வெறும் பாலித்தீன்; உரச உரச மின்னேற்றம் சேரும். உடலிலிருந்து பாயும் ஷாக்கை நாம் உணர்வதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டுக்குக் கீழேயே ஆபத்து. அதாவது, கெட்டுப்போகும் அந்த நொடி யாருக்கும் தெரியாது, அவர்களுக்கும்தான்.

அதனால் வாய்ப்பேச்சு வேண்டாம். 'எந்தக் கவரில் வைத்து அனுப்பினீர்கள், நான்தான் கெடுத்தேன் என்பதற்கு என்ன ஆதாரம்' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பார்சலின் படத்தை இணையுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

ஒன்று மட்டும். ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு; டிடிஆர்4 மதர்போர்டில் (பாகங்களையெல்லாம் மாட்டும் தாய்ப்பலகை) டிடிஆர்5 ரேம் உட்காராது. அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினீர்கள் என்று நம்புகிறேன்.

கம்ப்யூட்டர் பாகங்களைப் போட்டுத் தரும் ரோஸ் கலர் கவரும் வெள்ளிக் கவரும் ஒன்றுதானே? (மதுரை வாசகர்)

இல்லை. ரோஸ் கவர் தானாக மின்னேற்றத்தைக் கிளப்பாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளிக் கவருக்குள் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். அதுதான் பாகத்தைச் சுற்றிக் கூண்டு கட்டுவது. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கமும் வெள்ளிதான், ஆனால் அதில் வைக்காதீர்கள். இப்படிச் சொல்லக் காரணம் ஒரு கடிதம். எழுதியவர் பெயர் வேண்டாம்.

கடையில் எம்.2 எஸ்எஸ்டி (தகவல்களைச் சேமிக்கும் சிறிய சர்க்யூட் பலகை) வாங்கினேன். பெட்டி இல்லை, வெள்ளிக் கவர் மட்டும். பில்லைக் கவரோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். ஏதாவது ஆகுமா? (திருச்சி வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் பல வருடமாகக் காத்திருந்தேன்.

ஆயிரக்கணக்கில் விலையுள்ள பொருளை ஒருவர் பாதுகாப்பான கவரில் போட்டு, வாயை மடித்து, ஸ்டிக்கர் ஒட்டி தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார். அது கடல் தாண்டி, கிடங்கு தாண்டி, பத்திரமாக நம் ஊர் வந்து சேருகிறது. கடைசி இரண்டு அடியில், கல்லாவில், ஒரு தம்பி 'டக்' என்று பின் அடித்துவிடுகிறார். அந்தக் கவரின் வேலையே முழுசாக மூடியிருப்பதுதான். பின் நுழைந்த இடத்தில் உலோகப் பூச்சு கிழிகிறது. போதாததற்கு, வெளியிலிருந்து உள்ளே போக ஒரு கம்பியும் கிடைத்துவிடுகிறது. நீங்கள் பில்லைப் பிய்க்கும்போது விரல் அந்தக் கம்பியின் மேலேயே இருக்கும். பின்னின் முனை சர்க்யூட்டைக் கீறினால் அது தனிக்கதை. பில்லைத் தனியாகக் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நானும் ஒருமுறை அப்படிப் பின் அடித்த கவரில் ரேம் வாங்கி வந்தேன். மூன்று மாதம் ஓடியது, பிறகு வாரம் ஒரு நீலத்திரை (கம்ப்யூட்டர் நின்றுபோய்க் காட்டும் பிழைத்திரை). பின்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இந்த விஷயத்தில் எரிச்சலே அதுதான். அடிபட்ட சிப் அன்றைக்கே செத்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பாதி அடிபட்டு, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிந்த பிறகு நொண்ட ஆரம்பித்தால் யாரிடம் போவது?

உங்கள் எஸ்எஸ்டி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். போட்டு ஓட்டிப் பாருங்கள். மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் நன்றாக வேலை வாங்குங்கள். அடுத்த தடவை ஸ்டேப்ளரை எடுக்கும்போதே கையைப் பிடித்துவிடுங்கள்.

புது மதர்போர்டைக் கட்டிலில் வைத்துத்தான் மாட்டினேன். ஏசி போட்டிருந்தேன், கம்பளி விரித்திருந்தது. அப்போது ஒன்றும் ஆகவில்லை. இப்போது யுஎஸ்பி இரண்டு வேலை செய்யவில்லை. கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

கம்பளி மீது போடுங்கள்.

வாரண்டி இருந்தால் அதில் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். ஏசி காற்றை உலர்த்தும், கம்பளி உரசும். இரண்டும் சேர்ந்தால் போதும். மேசையில் வைத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே மாட்டியிருக்கலாம்.

ஆன்டி-ஸ்டேட்டிக் கைப்பட்டை வாங்கலாமா? வயர் இல்லாததும் விற்கிறார்களே? (சேலம் வாசகர்)

வயர் உள்ளதை வாங்குங்கள். அந்த வயருக்குள் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். தவறிப்போய் மின்சாரத்தைத் தொட்டாலும் உங்கள் உடம்பு வழியாக அதிகம் பாயாமல் காப்பது அதுதான். சும்மா ஒரு கம்பியைக் கையில் கட்டி எர்த்தில் சொருகும் வேலை வேண்டவே வேண்டாம்.

வயர் இல்லாததை நான் வாங்கியிருக்கிறேன். 180 ரூபாய். நன்றாகத்தான் இருந்தது, நீலக் கலர், வாட்ச் மாதிரி. கட்டிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: மின்னேற்றம் இறங்கிப் போக வழி வேண்டாமா? இப்போது அது வேஷ்டிக் கட்டைச் சுற்றி இருக்கிறது.

கேபினெட்டைத் தொட்டாலே விறுவிறுவென்று இழுக்கிறது. இதுவும் ஸ்டேட்டிக்தானே? (நாகர்கோவில் வாசகர்)

இல்லை ஐயா! ஸ்டேட்டிக் ஒரே 'சுளீர்' அடித்து அடங்கிவிடும். தொடும்போதெல்லாம் விறுவிறுத்தால் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் இறங்க இடமில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மதர்போர்டைச் சர்வீசுக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக் கவரைத் தொலைத்துவிட்டேன். சமையலறை அலுமினியம் ஃபாயில் போதுமா? (கோவை வாசகர்)

ரேமுக்கு அவசரத்துக்குச் சரி. மதர்போர்டுக்கு வேண்டாம், அதில் பட்டன் பேட்டரி இருக்கிறது. ஃபாயில் பட்டால் ஷார்ட் ஆகும். தெரிந்த கடையில் பழைய வெள்ளிக் கவர் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். கவரின் வாயை மடித்து மூடிய பிறகு, அதற்கு வெளியே பபுள் ராப் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றுங்கள். தெர்மாகோலும் வெளியேதான்.

டேப்பைப் பாகத்துக்குப் பக்கத்தில் வைத்து 'சர்ர்' என்று உரிக்க வேண்டாம். 2008-ல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் வெற்றிடத்தில் சாதாரண டேப்பை உரித்து, அதில் கிளம்பிய எக்ஸ்-கதிரால் விரல் எலும்பைப் படமே பிடித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எக்ஸ்-கதிர் வராது. ஆனால் சில ஆயிரம் வோல்ட் தாராளமாக வரும்.

சென்னை ஈரக்காற்றில் இதெல்லாம் தேவையா? (தாம்பரம் வாசகர்)

ஈரம் கூடினால் ஆபத்து குறையும், போய்விடாது. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள்.

வாங்கியவற்றின் காலிக் கவர்களை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? அம்மா குப்பையில் போடச் சொல்கிறார். (தஞ்சை வாசகர்)

வாரண்டி முடியும்வரை. கசக்காமல் மதர்போர்டு பெட்டிக்குள் போட்டு, பில்லையும் அதிலேயே வைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஸ்டேப்ளர் அடிக்காமல்.