நோன்பு நாளையும் மனுவில் எழுதுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: நான் தேவகோட்டைக்காரன். மனைவியும் ஏழு வயது மகனும் மதுரையில் என் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். விவாகரத்து வழக்கும் மதுரையில்தான். மாதம் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை கோர்ட் வளாகத்தில் பையனைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு இருக்கிறது. ஆனால் பாதி நாள் கூட்டி வருவதே இல்லை. காய்ச்சல், டியூஷன் என்று ஏதாவது காரணம். நான் மட்டும் மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? நிறுத்திவிடலாமா? பிள்ளையார் நோன்புக்காவது அவனை வீட்டுக்கு அழைத்து வர வழி உண்டா?
(பெயர் வேண்டாம், தேவகோட்டை)

பதில்: பணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் தம்பி. ஜீவனாம்சம் வேறு, பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறு. அவர்கள் பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக நீங்கள் பணத்தை நிறுத்தினால் நிலுவைக்கு வாரண்ட் வரை போகும். அதோடு, நீங்கள் போடுகிற அடுத்த மனுவில் எதிர்த்தரப்பு எடுத்து நீட்டுகிற முதல் காகிதமும் அந்த நிலுவைக் கணக்காகத்தான் இருக்கும். உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டி வர மாட்டார்கள் என்று தெரிந்தாலும் அந்தச் சனிக்கிழமை நீங்கள் போய்த்தான் ஆக வேண்டும். தேவகோட்டையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்புவது எவ்வளவு வேதனை என்று தெரியும், ஆனாலும் போங்கள். குறித்த நேரம் முடியும்வரை இருங்கள். வருகைப் பதிவேடு இருந்தால் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாய்தாவில் வக்கீல் மூலம் ஒரு மெமோ தாக்கல் செய்யுங்கள். மனைவிக்கு "இன்று வந்திருந்தேன், பையன் வரவில்லை, அடுத்த நாள் எதுவென்று சொல்லவும்" என்று மரியாதையாக ஒரு மெசேஜ் அனுப்பி வையுங்கள். கோபத்தில் அனுப்பிய ஒரே ஒரு வரி கூட ஸ்கிரீன்ஷாட்டாக உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.

இப்படி நாலைந்து தேதி சேர்ந்ததும், தவறிய நாட்களுக்கு ஈடாக வேறு நாள் கேட்டும் உத்தரவை மாற்றி எழுதக் கேட்டும் அதே கோர்ட்டில் மனு போடலாம். இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவு, பிள்ளைகள் சம்பந்தப்பட்ட உத்தரவை அவ்வப்போது மாற்ற இடம் தருகிறது. வேண்டுமென்றே உத்தரவை மீறுகிறார்கள் என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவமதிப்பு வழக்கும் போடலாம், மீறல் நடந்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாயை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவர் என்ற பேச்சு பையன் காதில் விழுந்தால் அதைத் துடைக்கவே பல வருடம் பிடிக்கும்.

உங்கள் சிக்கலில் பாதி அந்த உத்தரவிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. "இரண்டாவது, நான்காவது சனி" என்று ஒற்றை வரியில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். எத்தனை மணிக்கு, யார் கூட்டி வருவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதற்குப் பதில் எந்த நாள், கோடை விடுமுறையில் எத்தனை நாள், பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவும் போகலாமா, இதெல்லாம் எழுத்தில் இருந்தால் சண்டைக்கு இடம் குறையும். தினமும் போனில் பேசவும் கேளுங்கள். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், பிள்ளை யாரிடம் இல்லையோ அவருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச உரிமை இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தாயும் தகப்பனும் இரண்டு பேருமே பிள்ளைக்கு வேண்டும், மிக மோசமான சூழ்நிலையில்தான் சந்திப்பை மறுக்கலாம், அப்படி மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

நோன்புக்குத் தாராளமாகக் கேட்கலாம். நம் செட்டிநாட்டுப் பக்கத்து மனுக்களில் தீபாவளி, பொங்கல் இருக்கும், நோன்பு இருக்காது. மதுரையில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிக்கு அது என்னவென்று தெரியாமல் போகலாம். திருக்கார்த்திகை தீபத்திலிருந்து 21-ம் நாள், சஷ்டியும் சதயமும் சேரும்போது, குடும்பத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பெரியவர் கையால் இழை (நூல் திரி ஏற்றிய மாவுப் பிள்ளையார்) எடுத்துக்கொள்வது வழக்கம் என்று நாலு வரி எழுதுங்கள். ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், ஆகவே தேதி போடாமல் "பிள்ளையார் நோன்பு நாள்" என்றே கேளுங்கள். முதல் வருடம் ராத்தங்கல் கேட்காமல், சாயங்காலம் இழை எடுத்ததும் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று உறுதி கொடுத்தால் கிடைப்பது சுலபம். ஒத்துக்கொண்ட நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள், அடுத்த முறை கூடுதலாகக் கேட்க அதுதான் கை கொடுக்கும்.

இன்னொன்று. கோர்ட் வளாகத்துச் சந்திப்பில் முதல் கால் மணி நேரம் பிள்ளை வாயே திறக்காது. நீங்கள் வாங்கிப்போன கலர் பென்சில் டப்பாவைத் திறந்து மூடித் திறந்து மூடி, உங்கள் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் "அம்மா என்னைப் பற்றி என்ன சொல்றா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்களும் ஒரு பென்சிலை எடுத்து ஏதாவது வரையுங்கள், "அப்பச்சி, யானைக்கு வால் இப்படியா இருக்கும்?" என்று அப்பாவான உங்களிடம் தானாகப் பேச ஆரம்பிப்பான்.

கேள்வி: புதுவயல் பக்கம் அம்மா வீட்டில் நாலு வயது மகளோடு இருக்கிறேன். கணவர் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று சத்தம் போடுவார், அடித்தும் இருக்கிறார். இப்போது பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று மனு போட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லலாமா?
(ஒரு வாசகி)

பதில்: எதிர்மனுவில் சொல்லலாம் தங்கச்சி, சொல்லவும் வேண்டும். ஆனால் உத்தரவு வந்த பிறகு நீங்களாகக் கதவைச் சாத்தக் கூடாது. ஐந்து வயது முடியாத பிள்ளை பொதுவாகத் தாயிடம்தான் இருக்கும் என்று சட்டமே சொல்கிறது, அந்தக் கவலை வேண்டாம். பார்ப்பதற்கு மட்டும் நிபந்தனை கேளுங்கள்: கோர்ட் வளாகத்தில்தான், இன்னொருவர் மேற்பார்வையில், வெளியே தூக்கிப் போகாமல், குடித்திருந்தால் அன்று சந்திப்பு இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸில் புகார் கொடுத்த ரசீது எதையும் தொலைக்காதீர்கள். 2005-ம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 21-வது பிரிவின்படி, சந்திப்பு பிள்ளைக்குத் தீங்கு என்று மாஜிஸ்திரேட்டுக்குப் பட்டால் மறுத்துவிடவும் முடியும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

கேள்வி: மகன் தவறி இரண்டு வருடமாகிறது. மருமகள் பேரனோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். போன் போட்டாலும் எடுப்பதில்லை. அப்பத்தா நான், பேரனைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?
(ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)

பதில்: கேட்கலாம் ஆச்சி. 1890-ம் வருட காப்பாளர் சட்டத்தில் உறவினரும் மனு போட இடம் இருக்கிறது, பேரன் வசிக்கிற கோயம்புத்தூர் கோர்ட்டில்தான் போட வேண்டும். பிள்ளையை என்னிடம் கொடு என்று கேட்காதீர்கள், தாய் இருக்கும்போது அது நிற்காது. மாதம் ஒரு நாள் பார்க்க, வாரம் ஒரு தடவை போனில் பேச, அவ்வளவுதான் கேளுங்கள். அதற்கும் முன்னால், மருமகள் ஏன் போனை எடுப்பதில்லை என்று யோசியுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் வளவு வீட்டுப் (பங்காளிகளுக்குப் பொதுவான பரம்பரை வீடு) பங்கும் நகையும்தான் இதற்கு அடியில் கிடக்கும். மகனுடைய பங்கில் மருமகளுக்கும் பேரனுக்கும் உரிமை உண்டு, அதில் கையெழுத்து வாங்கும் பேச்சையும் பேரனைப் பார்க்கும் பேச்சையும் ஒன்றாக எடுக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான உறவு ஒருவரை அனுப்பிப் பேசுங்கள், சரிவராவிட்டால் கோர்ட்டுக்குப் போய் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அங்கே மருமகளும் நீங்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசலாம்.